தேர்தலுக்கு முந்தைய தேர்தல்

அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் பதவி நம் முதலமைச்சர் பதவிக்கு நிகரானது. அதற்கான கட்சி வேட்பாளரையும் பெரும்பாலும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே அந்த முடிவு கட்சிக்குள் நடக்கிறது.

1954இல் ராஜாஜி விலகியதும் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடி வாக்களித்தார்கள். விருதுநகர்க்காரரான காமராஜருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. காமராஜர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒரு பெண்கூட இல்லை. 1957இல்தான் லூர்தம்மாள் சைமன் அமைச்சரானார்.

1967இல் விருதுநகர் வாக்காளர்கள் அதே காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார்கள். வென்றவர் திமுகவின் மாணவர் தலைவர் சீனிவாசன். அந்தத் தீர்ப்பில் பெண்களின் வாக்கும் சமமாக எண்ணப்பட்டது.

சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைக்கும் பட்டாசு ஆலைக்கும் போகும் பெண்களிடம் எல்லாக் கட்சிகளும் வாக்குக் கேட்டு வருகின்றன. வேட்பாளர் யாரென்று முடிவாகும் அறைக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. நாம் கேட்க வேண்டிய அடுத்த உரிமை அது.