தெரு வளைத்த மைதானங்கள்

அக்காவும் அத்தானும் பாஸ்டனில் இருக்கிறார்கள். நாங்கள் சிகாகோ. அதனால் கோடை வந்தால் எங்கள் குடும்பத்தில் ஒரே சண்டைதான்: அவர்கள் ஊர் பேஸ்பால் மைதானம் ஃபென்வே பார்க் உசத்தியா, எங்கள் ஊர் ரிக்லி ஃபீல்டு உசத்தியா? அத்தான் பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸின் தொப்பியைக் கோயில் வாசலில் மட்டும்தான் கழற்றுவார். நானோ கிண்டியில் சிவில் படித்துவிட்டு, வேலைக்காலம் முழுக்கப் பழைய கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, விரிசலுக்கு வைத்தியம் செய்து ஓய்வு பெற்றவள். எனக்கு முதலில் பிடித்தது கட்டடம். பேஸ்பால் அப்புறம்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் 90 அடி. பிட்சர் பந்து வீசும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். இதில் எந்த ஊரிலும் மாற்றம் கிடையாது. ஆனால் எந்தச் சுவரைத் தாண்டினால் ஹோம் ரன்னோ, அந்தச் சுவர் எத்தனை அடி தள்ளி, எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ரொம்ப காலம் அந்தந்த ஊர்க்காரர்கள் இஷ்டத்துக்கே விட்டிருந்தார்கள். நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் வலது கோடி 258 அடிதான், நடுப்பகுதியோ 480 அடியையும் தாண்டியது. 1954 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் விக் வெர்ட்ஸ் நடுவே அடித்த பந்து 400 அடிக்கும் மேல் பறந்தது. வில்லி மேஸ் முதுகைக் காட்டியபடியே ஓடிப்போய் அதைப் பிடித்துவிட்டார், அடித்தவர் அவுட். அதே ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் டஸ்டி ரோட்ஸ் வலது கோடியில் ஏறக்குறைய 260 அடிக்குத் தூக்கிப் போட்ட பந்து ஹோம் ரன், ஆட்டமே முடிந்தது. அநியாயம்தான். ஆனால் இந்த அநியாயத்துக்கு யாரும் திட்டம் போடவில்லை. நிலம் அப்படி அமைந்தது.

அந்த நிலத்தின் கதை மரத்தில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் பார்வையாளர் மேடைகள் எல்லாம் மரம். ஒரு சுருட்டு நெருப்பு போதும். 1894இல் பாஸ்டனின் சவுத் எண்ட் கிரவுண்ட்ஸில் பிடித்த தீ, சுற்றியிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களையும் சேர்த்து விழுங்கியது. 1909இல் பிலடெல்பியாவில் ஷைப் பார்க் இரும்பிலும் கான்கிரீட்டிலும் எழுந்தது. அதே வருடம் பிட்ஸ்பர்க்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு. 1911இல் போலோ கிரவுண்ட்ஸ் எரிந்ததும் மிச்சமிருந்த தயக்கமும் போயிற்று. 1915க்குள் பெரிய ஊர்கள் பலவற்றில் புது மைதானம் வந்துவிட்டது. ரசிகர்கள் டிராமில் வந்து இறங்க வேண்டும், அதனால் இடம் ஊருக்குள்ளேயே வேண்டும். ஊருக்குள் கிடைத்ததோ நாலு தெருவுக்கு நடுவில் ஒரு துண்டு மனை. தெரு எங்கே மடங்கியதோ அங்கே சுவரும் மடங்கியது.

இதைக் கண்ணால் பார்க்க ஃபென்வேயை விடச் சிறந்த இடம் கிடையாது. 1912 ஏப்ரல் 20இல், டைட்டானிக் மூழ்கிய அதே வாரத்தில் அங்கே முதல் ஆட்டம். இடது பக்கம் லான்ஸ்டவுன் தெரு குறுக்கே வந்து நிற்கிறது. ஹோம் பிளேட்டிலிருந்து சுவருக்கு 310 அடிதான். தூரத்தில் விட்டதை உயரத்தில் பிடித்தார்கள். 1934இல் மைதானத்தைப் புதுப்பித்தபோது நின்ற சுவரின் உயரம் 37 அடி 2 அங்குலம். 1947 வரை அதில் விளம்பரங்கள் அப்பியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் பச்சை அடித்த பிறகுதான் அது ‘கிரீன் மான்ஸ்டர்’ ஆயிற்று. சுமாராகத் தூக்கி அடித்த பந்து சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகும். மற்ற மைதானங்களில் ஹோம் ரன் ஆகியிருக்கக்கூடிய தாழ்வான அடி அதே சுவரில் மோதித் திரும்பி வரும், அடித்தவர் ஒன்றிரண்டு பேஸோடு நிற்பார்.

சுவரின் அடியில் ஸ்கோர்போர்டு. இன்றும் கையால் எண் தகடு மாட்டுகிறார்கள். உள்ளே ஒடுக்கமான ஓர் அறை, அதன் சுவரெல்லாம் வந்துபோன ஆட்டக்காரர்களின் கையெழுத்து. வலது பக்கத் திறந்தவெளி இருக்கைகள் பச்சைக் கடலாக இருக்கும், நடுவே ஒன்றே ஒன்று சிவப்பு. 1946இல் ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு ரசிகரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. அத்தான் யாரை அழைத்துப் போனாலும் முதலில் அந்த நாற்காலியைக் காட்டாமல் விடமாட்டார்.

நான் பார்த்தது தூணை. மேல்கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நிற்கின்றன. ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த இடம் சரியாக ஒரு தூணுக்குப் பின்னால். பிட்சர் தெரிந்தார், பேட்டர் தெரியவில்லை. ரிவெட்டுகளின் மேல் வருடாவருடம் அடித்த பெயின்ட் ஏறி ஏறி, தலைகள் எல்லாம் மழுங்கி, தடவினால் வழவழவென்று இருந்தது. ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, நான் தூணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“டிக்கெட் எழுபது டாலர்மா. அந்தப் பக்கமும் கொஞ்சம் பாரேன்,” என்றார் அத்தான்.

“உங்க பேட்டரை இந்தத் தூண் மறைக்குது அத்தான், நான் என்ன செய்ய?”

நீல நிற மர இருக்கைகள் 1934ஆம் வருடத்தவை. அந்தக் காலத்து மனிதர்கள் ஒல்லி போலிருக்கிறது.

ஃபென்வேயைப் பற்றி அத்தான் விருந்தாளிகளிடம் சொல்லாத கதை ஒன்று உண்டு. 1945 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சனையும் இன்னும் இரண்டு கறுப்பின வீரர்களையும் இங்கே வரவழைத்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். நகரசபை உறுப்பினர் ஒருவர் கொடுத்த நெருக்கடியால் நடந்த சோதனை அது. யாரையும் எடுக்கவில்லை. இரண்டே வருடத்தில் ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கி அமெரிக்காவின் விளையாட்டு வரலாற்றையே திருப்பினார். பாஸ்டனோ 1959 வரை இழுத்தடித்து, மேஜர் லீக்கில் கறுப்பின வீரரைச் சேர்த்த கடைசி அணியாக ஆயிற்று. அணியின் முதலாளி டாம் யாக்கியின் பெயரில் இருந்த வாசல் தெருவுக்கு 2018இல்தான் ஜெர்சி தெரு என்ற பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தார்கள். அந்தப் பச்சைச் சுவரின் அழகைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவதுதான் முறை.

எங்கள் ரிக்லிக்கு வருகிறேன். 1914இல் இதைக் கட்டியவர் சார்லஸ் வீக்மன். சாப்பாட்டுக் கடைகள் நடத்திப் பணம் பார்த்தவர். மார்ச் மாதம் கடைக்கால் தோண்டி ஏப்ரல் 23இல் ஆட்டமே நடத்திவிட்டார். அவர் அணி ஆடிய ஃபெடரல் லீக் இரண்டே பருவத்தில் படுத்துவிட, கப்ஸ் அணியை வாங்கி 1916இல் இங்கே குடியேற்றினார். பிறகு சூயிங் கம் வியாபாரி வில்லியம் ரிக்லியின் கைக்கு வந்து, அவர் பெயரே நிலைத்தது.

1937இல் பில் வீக் என்ற இளைஞர் வெளிக்களச் சுவரில் கொடி நடச் செய்தார். ஏப்ரலில் போனால் செங்கல் மேல் காய்ந்த குச்சிகள்தான். மே கடைசியில் சுவர் மறைந்து ஒரே இலை. பந்து அதற்குள் சிக்கினால், துரத்தி வந்தவர் இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். அடித்தவருக்கு இரண்டு பேஸ், அதோடு சரி. கையை விட்டுத் துழாவினாரோ, ஆட்டம் தொடர்கிறது, அடித்தவர் ஓடிக்கொண்டே இருக்கலாம். கொடியின் பெயர் பாஸ்டன் ஐவி. இதைச் சொல்லாமல் அத்தான் ஒரு சண்டையையும் முடித்ததில்லை.

அதே 1937இல் வந்த ஸ்கோர்போர்டு இன்னும் கையால்தான் ஓடுகிறது. ஜெயித்தால் உச்சியில் வெள்ளைக் கொடி, தோற்றால் நீலக் கொடி. மேம்பால ரயிலில் போகிறவர்கள் அதைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். காற்று வேறு ஓர் ஆட்டக்காரர். மிச்சிகன் ஏரியிலிருந்து உள்ளே வீசினால் பந்து நகராது. வெளியே வீசினால் கேட்கவே வேண்டாம்: 1979 மே மாதம் ஒரு பிற்பகலில் பிலடெல்பியா 23, கப்ஸ் 22.

விளக்குக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரவு ஆட்டங்கள் 1935இல் சின்சினாட்டியில் தொடங்கி, 1948க்குள் ரிக்லி தவிர மற்ற எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்துவிட்டன. ரிக்லியிலும் மாட்டுவதற்காக 1941இல் சாமான் வாங்கியாயிற்று. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்ததும் அதைப் போர் முயற்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நாற்பது வருடங்களுக்கு மேல் பகல் ஆட்டம்தான். எண்பதுகளில் விளக்கு வேண்டும் என்று அணியின் முதலாளிக் கம்பெனி கேட்டபோது அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் கூடாது என்று சட்டம் வரைக்கும் போனார்கள். கடைசியில் 1988 ஆகஸ்ட் 8இல் விளக்கு எரிந்தது. நான்காவது இன்னிங்ஸில் மழை கொட்டி ஆட்டம் ரத்து. மறுநாள் நடந்ததுதான் கணக்கில் முதல் இரவு ஆட்டம்.

2004 கோடையில் மேல் தளத்திலிருந்து கான்கிரீட் சில்லுகள் உதிர்ந்து விழுந்தன. ஊரே அலறியது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது அன்றாடக் காட்சி. பனியும் நீரும் இடுக்கில் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதி மேல்பூச்சைத் தள்ளும். உடனே கீழே வலை கட்டினார்கள். அந்த வருடம் போனவர்கள் எல்லோரும் ஆட்டம் பார்த்தார்கள். நான் அண்ணாந்து வலை பார்த்தேன். பத்து வருடம் கழித்து, பருவத்துக்குப் பருவம் பகுதி பகுதியாகப் பிரித்துப் புதுப்பித்தார்கள். வேலை சுத்தம். இடது பக்கம் வைத்த பெரிய வீடியோ திரையை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டம் பார்த்த ஜனங்களை அது மறைக்கிறது.

மற்ற பழைய மைதானங்கள் போன கதை சுருக்கம். புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டை, ராபின்சன் இறங்கிய அந்த மைதானத்தை, 1960இல் பேஸ்பால் போலப் பெயின்ட் அடித்த இரும்பு உருண்டையால் இடித்தார்கள். கேலி செய்ய வேறு நேரமே கிடைக்கவில்லையா? அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள். அதில் ஆடிய டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. 1962இல் திறந்த டாட்ஜர் ஸ்டேடியம் பார்க்க அழகு, மலையும் பனைமரமும். ஆனால் அது நிற்கும் சாவேஸ் ரவீனில் முன்பு மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களின் மூன்று குடியிருப்புகள் இருந்தன. அரசு வீடுகள் கட்டுவதாகச் சொல்லி அவர்களைக் கிளப்பினார்கள், அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள், நிலம் மைதானத்துக்குப் போனது. கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் போலீஸ் தூக்கி வெளியே போட்டது. தெருவுக்கு மைதானம் வளைந்த காலம் போய், மைதானத்துக்காகத் தெருவையே அழித்த காலம் வந்துவிட்டது.

அறுபது எழுபதுகளில் கட்டிய வட்டக் கிண்ணங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபுட்பாலுக்கும் பேஸ்பாலுக்கும் ஒரே கட்டடம், சுற்றிலும் கார் நிறுத்துமிடம். பிட்ஸ்பர்க்கில் 1970, சின்சினாட்டியில் 1970, பிலடெல்பியாவில் 1971. மூன்றும் ஏறக்குறைய முப்பது வருடத்தில் தரைமட்டம். கான்கிரீட்டுக்கு முப்பது ஒரு வயதே இல்லை. யாரும் ஆசைப்படாததால் போயின.

1992இல் பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் திறந்தபோது காற்று திரும்பியது. பழைய ரயில்வே கிட்டங்கி ஒன்று, 1,016 அடி நீளச் செங்கல் கட்டடம், அங்கே நின்றது. அதை இடிக்காமல் வலது பக்க எல்லையாக வைத்துக்கொண்டார்கள். மைதானத்துக்கும் கிட்டங்கிக்கும் நடுவே யூட்டா தெரு அப்படியே ஓடுகிறது. ஹோம் ரன் விழுந்த இடங்களில் தரையில் பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள், நடக்கும்போது காலில் தட்டுப்படும். நடுக்களம் இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத்தின் அப்பா மதுக்கடை நடத்தினார். 1958க்குப் பிறகு கட்டும் மைதானங்களுக்குக் கோடியில் குறைந்தது 325 அடி வேண்டும் என்று விதி வந்திருந்தும், இங்கே வலது கோடி 318 அடிதான். விதியை வேண்டுமென்றே தளர்த்தி வாங்கிய கோணல்! அதன் பிறகு எல்லா ஊரிலும் இதைப் பார்த்துச் செங்கலும் கோணலுமாகக் கட்டினார்கள். சிலவற்றில் அது ஒப்பனை போலத்தான் இருக்கிறது. தெருவே இல்லாத வெட்டவெளியில் சுவர் எதற்கு மடங்க வேண்டும்?

கேம்டன் யார்ட்ஸ் வேலையை முன்னின்று நடத்திய கட்டடக் கலைஞர் ஜேனட் மேரி ஸ்மித். ஃபென்வேயை இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிது கட்டலாம் என்று தொண்ணூறுகளின் கடைசியில் திட்டம் போட்டிருந்தார்கள். 2002இல் வந்த புது முதலாளிகள் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஸ்மித்தை அழைத்து மராமத்து செய்தார்கள். கிரீன் மான்ஸ்டரின் தலையில் இருந்த வலையை எடுத்துவிட்டு 2003இல் இருக்கைகள் போட்டார்கள். சிறு வேலைதான், ஆனால் இந்தத் துறையில் அதற்கு ஈடாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஆக, தீர்ப்பு. சுவருக்கு ஃபென்வே, தெருவுக்குக் கேம்டன் யார்ட்ஸ், ஒரு முழுப் பிற்பகலுக்கு ரிக்லி. அத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார், பரவாயில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்து, வாரக்கடைசி முழுக்க மாலும் கோயிலுமாகச் சுற்றும் அப்பா அம்மாக்களுக்கு ஒன்று சொல்வேன். ஜூன் மாதம் ஒரு வார நாளில் ரிக்லியில் பகல் ஆட்டத்துக்குப் போங்கள். காரை வீட்டிலேயே விடுங்கள். ரெட் லைன் ரயிலில் ஏறி அடிசன் நிலையத்தில் இறங்கினால் எதிரே மைதானம். ஆட்ட விதி தெரியாவிட்டாலும் குறையில்லை, பக்கத்தில் இருப்பவர் தானாகவே சொல்லித் தருவார். மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது. டிக்கெட் வாங்கும்போது இடம் தூணுக்குப் பின்னால் இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.