காரின் முகப்பு வடிவம் பாதசாரியின் காயத்தை எவ்வாறு தீர்மானிக்கிறது?

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. இத்தகைய உயிரிழப்புகளில் வேகத்தின் பங்கு பெரிது. எனினும், ஒரே வேகத்தில் மோதும் இரு கார்கள் ஒரே விதமான காயத்தை ஏற்படுத்துவதில்லை. உடலின் எப்பகுதி முதலில் தாக்கப்படுகிறது என்பதை முகப்பின் உயரமும் சரிவுமே முடிவுசெய்கின்றன.

தாழ்வான முகப்பு கொண்ட செடான் காரின் பம்பர் முதலில் காலைத் தாக்குகிறது. அடிபட்டவர் பானெட்டின் மேல் சாய, தலை பானெட்டிலோ முன்கண்ணாடியிலோ மோதுகிறது. இதுவும் உயிருக்கு ஆபத்தானதே. ஆயினும் பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தால், தகடு உள்வாங்கி மோதலின் விசையை ஓரளவு தணிக்கும்.

உயரமும் செங்குத்தான முகப்பும் கொண்ட எஸ்யூவி, பிக்கப் வாகனங்கள் இடுப்பையோ மார்பையோ நேரடியாகத் தாக்குகின்றன. பானெட்டின் மேல் சாய வழியின்றி, உடல் முன்னோக்கித் தள்ளப்பட்டுத் தரையில் விழுகிறது. சக்கரத்தில் சிக்கும் அபாயமும் உண்டு. சிறுவர்களுக்கு முதல் அடியே தலையில் விழக்கூடும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஏறத்தாழ 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டது. பானெட்டின் முன்விளிம்பு சுமார் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வாகனங்களால் பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு, சுமார் 76 செ.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரமும் சரிந்த முகப்பும் கொண்ட வாகனங்களைவிட 45 சதவீதம் அதிகம். நடுத்தர உயர வாகனங்களிலும், முகப்பு செங்குத்தாக இருந்தால் அபாயம் 26 சதவீதம் கூடுகிறது.

இருசக்கர வாகனங்களும் லாரிகளும் பேருந்துகளும் நிறைந்த இந்தியச் சாலைகளுக்கு இவ்விகிதங்களை அப்படியே பொருத்த இயலாது. ஆனால் நாட்டின் பயணிகள் வாகன விற்பனையில் எஸ்யூவி உள்ளிட்ட பயன்பாட்டு வாகனங்களின் பங்கு பாதியைக் கடந்துவிட்ட நிலையில், இதைப் புறக்கணிக்கவும் இயலாது.

பாதசாரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-100 தரநிலை, புதிய கார் மாடல்களுக்கு 2018 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. தலை, கால் ஆகியவற்றின் மாதிரிகளை வாகன முகப்பில் மோதச் செய்து பாதிப்பு அளவிடப்படுகிறது. ஆனால் சோதனையில் தேறிய காரிலும் உரிமையாளர் பின்னர் இரும்புக் கிராஷ் கார்டு பொருத்தினால், விசையைத் தணிக்க வடிவமைக்கப்பட்ட பம்பருக்கு முன்பாகவே வளையாத கம்பி பாதசாரியைத் தாக்கும். இவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு எதிரானவை என்று சுட்டிக்காட்டி, நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு 2017 டிசம்பரில் அமைச்சகம் கடிதம் எழுதியது.