மீதி ஏழு

நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் போகிற சாலையில், தமிழ்நாடு முடிந்து புதுச்சேரிப் பிரதேசம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது கீழவாஞ்சூர். 2009-ல் துறைமுகம் வந்த பிறகு லாரிகளின் புழுதி சேர்ந்துகொண்டிருக்கிறது. எல்லையோர ஊர்களுக்கே உரிய வேறொரு கீர்த்தியும் அதற்கு உண்டு. அது தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ் வரவில்லை. சாலையோரத்தில் ஒரு கிழவி சாக்கை விரித்து மத்தி மீனைக் கொட்டியிருந்தாள். பக்கத்தில் ஆறு வயதுப் பேத்தி, மீனை எண்ணிக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். கூறுக்குப் பத்து. கடைசிக் கூறில் ஏழுதான் விழுந்தது.

"ஆயா, மூணு குறையுது."

"அப்ப என்ன செய்யலாம்?"

குழந்தை யோசித்தது. மூன்று கூறுகளிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்துக் கடைசிக் கூறில் வைத்தது. அது பத்தாயிற்று. பிறகு மற்ற மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, மோசம் போனவள் போல் விழித்தாள். எல்லாம் ஒன்பது! எடுத்ததைத் திரும்ப வைத்தாள். கிழவி வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேர் விலை கேட்டு நின்றார்கள். அவர்களையும் கையமர்த்தி நிற்க வைத்துவிட்டாள்.

"ஆயா, இதை விலை குறைச்சு வித்துடலாமா?"

"வித்துடலாம்."

வகுத்தல் கணக்கில் 'மீதி' என்பது என்னவென்று எனக்குத் தெரிவதற்குள் என் உள்ளங்கையில் எத்தனை பிரம்படி விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். உற்சாகத்தில் சொல்லிவிட்டேன்: "பாட்டி, இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?"

கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா ஐயா? உங்க வீட்டுப் பிள்ளைங்கள்லாம் எங்கே மீன் விக்குது?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைவிட எத்தனையோ மடங்கு அறிவாளிகளும் இதே இடத்தில் வாயை மூடிக்கொள்ள நேர்ந்திருக்கிறது. அன்றாட வேலையே குழந்தைக்குப் பாடம் என்ற வார்த்தையைச் சென்னை ராஜ்யம் பதினைந்து வருஷத்துக்குள் இரண்டு தடவை கேட்டது. முதல் தடவை கைதட்டிற்று. இரண்டாம் தடவை கொதித்து எழுந்தது.

முதலில் சொன்னவர் மாண்டிஸோரி அம்மையார். 1907-ல் ரோமாபுரியில், கூலிக்காரர்கள் குடியிருந்த ஸான் லோரென்ஸோ பேட்டையில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1939 நவம்பரில், அறுபத்தொன்பதாவது வயதில், பிரும்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பின் பேரில் அடையாறுக்கு வந்தார். சுமார் முந்நூறு பேர் அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். மறு வருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அம்மையார் எதிரி தேசத்துப் பிரஜை ஆகிவிட்டார். மகன் மாரியோவைக் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி வைசிராய் அவரை விடுவித்தது தனிக் கதை. பிறகு தாயும் மகனும் கொடைக்கானல் மலையில் சில வருஷம் குழந்தைகளோடு செடி கொடிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அவருடைய பள்ளியில் மூன்று வயதுக் குழந்தை தண்ணீர் ஊற்றும், தரை பெருக்கும், தட்டு ஏந்தி நடக்கும். பொத்தான் போட்டுப் பழக மரச்சட்டத்தில் துணி கட்டியிருக்கும். பாத்திரங்கள் பீங்கானும் கண்ணாடியுமாக, உடையக்கூடியவையாகவே இருக்க வேண்டும். தவறை ஆசிரியர் சொல்லக் கூடாது, கீழே விழுந்த கோப்பையே சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று ஒன்பதுகள் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன மாதிரி.

உப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் சொன்னார். இது நமக்கு ஒன்றும் புதிது அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதினார்கள். எழும்பூர் அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல் அந்த வழக்கத்தை அங்கே புகுத்தி, பின்னால் சீமைக்கும் கொண்டுபோனார். மணல் போய் உப்புக் காகிதம் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கூலிக்காரர் பேட்டையில் பிறந்த முறை நம் பட்டணங்களில் கட்டணம் கட்டுகிறவர்களின் முறையாகப் போனதுதான் வேடிக்கை.

இரண்டாம் தடவை சொன்னவர் ராஜாஜி. 1953-ல் முதல் மந்திரியாக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தினம் மூன்று மணி நேரமே படிப்பு என்றார். மீதிப் பொழுதில் தகப்பன் தொழிலைப் பார்த்துப் பழகட்டும் என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது: கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, பணம் இல்லை, ஒரே பள்ளியில் காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என்று இரட்டிப்புக் குழந்தைகளைச் சேர்க்கலாம். ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது வேறு. வண்ணான் மகன் வெளுக்க வேண்டும், சக்கிலியன் மகன் செருப்புத் தைக்க வேண்டும் என்றே விழுந்தது. பெரியார் அதைக் குலக்கல்வி என்றார். திராவிட முன்னேற்றக் கழகம் மறியல் செய்தது. காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவியை விட்டு இறங்கினார். மே மாதமே காமராஜ் சர்க்கார் திட்டத்தைக் கைவிட்டது.

அந்த ஒரு வருஷம் முழுதும் கீழவாஞ்சூர் பிரெஞ்சுக்காரர்களின் ஊர். காரைக்கால் நம் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ந் தேதிதான். ஆகவே, எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கிராமத்தில் அரை நாள் பள்ளித் திட்டம். அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு அது கிடையாது. மீன் என்னவோ இரண்டு பக்கமும் ஒரே கடலிலிருந்துதான் வந்தது.

ராஜாஜியைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. காந்தியடிகளும் 1937-ல் வார்தாவில் கைத்தொழில் மூலம் கல்வி என்றுதான் சொன்னார். ஆனால் அங்கே ராட்டை பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது. எந்த ஜாதிக் குழந்தையும் நூற்றது. நூற்ற நூலை அளக்கச் சொல்லிக் கணக்குக் கேட்க ஒரு வாத்தியார் பக்கத்தில் இருந்தார். 1953-ல், மிச்ச அரை நாளில் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து "அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்க யார் இருந்தார்கள்? வயிற்றுப்பாட்டுக்கு ஓடுகிற தகப்பன், பிள்ளை எண்ணி முடிக்கும் வரை வாடிக்கைக்காரரை நிற்க வைப்பானா? இந்தக் கிழவி நிற்க வைத்தாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"நாளைக்கு வந்தீங்கன்னா நான் ஒருத்திதான் இருப்பேன்" என்றாள் அவள், என் முகவாட்டத்தைப் பார்த்தோ என்னவோ. "இது ஒண்ணாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்குது."

பேத்திக்கு அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "ஆயா, பத்து மீன் அம்பது ரூவா. ஏழுக்கு எவ்வளவு?"

ஆயுள் முழுதும் மீன் விற்ற கிழவிக்கா தெரியாது? முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு என்னடி தெரியும்? உங்க டீச்சரைக் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லிக் குடு" என்றாள்.

நின்றுகொண்டிருந்த அம்மாள், "முப்பத்தஞ்சு" என்று சொல்ல வாயெடுத்தாள். கிழவி முறைத்த முறைப்பில் பேசாமல் பத்து மீன் கூறு ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். ஏழு மீனும் சாக்கின் ஓரத்திலேயே இருந்தன, என் பஸ் வருகிற வரையில்.