நிக்காஹ் தஃப்தரும் வாரிசுரிமையும்

பவானி நதியால் வளம் பெறும் சத்தியமங்கலம், 1799-இல் திப்பு சுல்தான் ஷஹீதாகும் வரை மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. பின்னர் கும்பெனியார் ஆட்சி வந்தது. ஆட்சி மாறியபோதும், முஸ்லிம்களின் நிக்காஹ்வுக்கு ஷரீஅத்தே சட்டமாக நீடித்தது. மாறியது, அதனை நடத்திப் பதிந்து காக்கும் ஏற்பாடேயாகும்.

முன்னாளில் காஜியை அரசே நியமித்தது. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. நிக்காஹ்வுக்கு அரசு நியமித்த காஜி வேண்டும் என்னும் வழக்கம் பல பகுதிகளில் இருந்தமையால், 1880-இல் காஜிகள் சட்டம் பிறந்தது. ஆயினும் அச்சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் அளிக்கவில்லை. காஜி இன்றி நிக்காஹ் செல்லாது என்றும் கூறவில்லை. ஈஜாபும் கபூலும் சாட்சிகளும் இருந்தால் நிக்காஹ் நிறைவேறும். எனவே, அதனைப் பதியும் பொறுப்பு பெரும்பாலும் ஜமாஅத்தின் தஃப்தரையே சார்ந்தது.

இப்பதிவினால் விளையும் பயன் யாது? மனைவிக்கு மஹரும் ஜீவனாம்சமும் வாரிசுரிமையும், பிள்ளைகளுக்கு நஸபு என்னும் வம்ச உரிமையும் நிக்காஹ்வைப் பற்றியே நிற்கின்றன. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வாரிசுரிமையில் ஊர் வழக்கத்தை விலக்கியது. ஆனால் விவசாய நிலத்தைத் தொடவில்லை. உழவே உயிரான கொங்கு நாட்டில் இது பெருங்குறையன்றோ? 1949-இல் சென்னை மாகாணச் சட்டம் அக்குறையை நீக்கியது.

எட்டு ஏக்கர் நிலத்தை விட்டு ஒருவர் மறைந்தார் எனக் கொள்வோம். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். கடனும், கொடுபடாத மஹரும் தீர்ந்தபின் எட்டு ஏக்கரும் எஞ்சுமாயின், மனைவிக்கு 1 ஏக்கர். ஒரே மகனுக்கு 3½. இரு பெண்மக்களுக்குத் தலா 1¾. கணக்கு தெளிவானது. ஆனால், "இவள் அவர் மனைவியே அல்லள்" என்று பங்காளி ஒருவர் வழக்காடினால்? சாட்சிகள் மறைந்திருப்பர், தஃப்தரைச் செல்லரித்திருக்கும். ஷரீஅத் வழங்கிய உரிமை, சான்றின்றித் தவிக்கும்.

கடனையே எழுதி வைக்குமாறு பணிக்கிறது திருமறை. கடனைவிடக் கனமான உடன்படிக்கையை நாம் எழுதாமல் விடலாமா? தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009, எச்சமயத்தாரும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்கிறது. தஃப்தரைப் பேணுவோம், அரசுப் பதிவையும் செய்வோம். விருந்துக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு போதும். நம் பெண்மக்களின் உரிமை காக்கப்படும்.