துரைத்தனமும் கற்றே வருவது

பிறரை வைத்து வேலை வாங்குதலும், ஒரு தொழிலைப் பொறுப்பேற்று நடத்துதலும் பிறவியிலேயே வாய்க்கும் குணங்கள் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. தோட்டத்திலே துரை துரையாகவே பிறந்தான். கூலி கூலியாகவே பிறந்தான். பட்டணத்துக் கடையிலே முதலாளியின் மகன் கல்லாவில் அமர்ந்தான்; கணக்குப்பிள்ளை தலை நரைக்கும்வரை கணக்கே எழுதினான். இதனைத் தலைவிதி என்று கூறி நாம் வாளாவிருந்தோம். இவ்வெண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதை அறிய வேதாந்த விசாரணை வேண்டுவதில்லை. ஒரு கலாசாலையின் சரித்திரமே போதும். பிரான்சு தேசத்தில் தோன்றி, இன்று சிங்கப்பூரிலும் கிளை பரப்பி நிற்கும் ‘இன்சியாட்’ என்னும் வியாபார நிருவாகக் கலாசாலையே அது.

பழைய ஐரோப்பாவும் இவ்விஷயத்தில் நம்மைவிட மேம்பட்டிருந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆலைகளும் வியாபார ஸ்தலங்களும் பெரும்பாலும் குடும்பச் சொத்துக்களாகவே இருந்தன. தகப்பனுக்குப் பின் மகன், மாமனுக்குப் பின் மருமகன் என்பதே அங்கும் வழக்கம். நிருவாகத்தை ஒரு சாஸ்திரமாகப் பாடம் சொல்லலாம் என்னும் துணிவு அமெரிக்காவிலேதான் வலுப்பெற்றது. அங்கே ஹார்வர்டு சர்வகலாசாலை 1908-ஆம் ஆண்டில் வியாபாரக் கல்விக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கிற்று. உண்மையாக நடந்த ஒரு வியாபாரச் சிக்கலைக் கணக்கு வழக்குகளோடு அச்சிட்டு மாணாக்கர் கையிற் கொடுத்து, “நீ அந்த இடத்தில் இருந்தால் யாது செய்வாய்?” என்று கேட்பது நாளடைவில் அதன் போதனா முறையாயிற்று. மனப்பாடத்திற்கு அங்கு இடமில்லை. யோசித்துத் தீர்மானிப்பதும், அத்தீர்மானத்தைப் பிறர் முன் நிலைநாட்டுவதுமே பாடம்.

அக்கலாசாலையில் நெடுங்காலம் போதித்தவர் ஜார்ஜ் டோரியோ என்பவர். 1899-இல் பாரிஸ் நகரிற் பிறந்த இவர், மோட்டார் வண்டித் தொழிலில் முன்னோடியாக விளங்கிய ஓர் எஞ்சினீயரின் புதல்வர். 1921-இல் அமெரிக்கா சென்று, பின்னர் ஹார்வர்டில் ஆசிரியரானார். பிறந்த நாட்டை அவர் மறந்தாரில்லை. 1930-இல் பாரிஸ் வர்த்தகச் சங்கத்தாரோடு கூடி, ஏற்கெனவே உத்தியோகத்தில் இருப்போர்க்கு நிருவாகம் கற்பிக்கும் ஒரு பயிற்சி நிலையம் அங்கே தோன்றக் காரணமானார். வேலைக்கு வந்துவிட்டவன் மீண்டும் மாணாக்கனாவது இழிவு என்று கருதப்பட்ட காலத்தில் இது சிறு செயலன்று.

பின்னர் உலக யுத்தம் மூண்டது. 1940-இல் பிரான்சு வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பிரஜையான டோரியோ, அமெரிக்கப் படையின் தளவாட இலாகாவில் சேர்ந்து பிரிகேடியர் ஜெனரல் பதவிக்கு உயர்ந்தார். படைவீரனுடைய உடையும் பாதரட்சையும் உணவும் அவர் பொறுப்பிலே ஆராயப்பெற்றன. யுத்தம் முடிந்தபின் அவர் உள்ளத்தில் நின்ற கேள்வி ஒன்று: ஒருவரையொருவர் கொன்று தீர்த்த தேசங்களின் இளைஞர்களை ஒரே அறையில் உட்கார வைத்துத் தொழில் நடத்தக் கற்பித்தால் என்ன?

அதற்கான காலமும் கனிந்தது. 1957-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு தேசங்களும் பொதுச் சந்தை அமைக்க ரோமாபுரியில் உடன்படிக்கை செய்தன. அதே ஆண்டில் பாரிஸ் வர்த்தகச் சங்கத்தின் ஆதரவோடு இன்சியாட் ஸ்தாபிக்கப்பட்டது. டோரியோவுக்குத் துணை நின்றவர் இருவர்: குளோட் ஜான்ஸன், ஒலிவியே ஜிஸ்கார் தெஸ்தான். இருவரும் ஹார்வர்டில் பயின்றவர்கள். பின்னவர் இக்கலாசாலையின் முதல் தலைவராக இருந்து நடத்தினார். அவருடைய தமையனாரே பிற்காலத்தில் பிரான்சின் ஜனாதிபதியானவர்.

கலாசாலைக்கு வாய்த்த இடமும் நினைக்கத்தக்கது. பாரிஸுக்குத் தெற்கே, அரசர்கள் வேட்டையாடிய காட்டின் நடுவே பொந்தேன்புளோ என்னும் ஊரும் அரண்மனையும் உள்ளன. 1814-இல் நெப்போலியன் முடி துறந்தது அவ்வரண்மனையிலேதான். 1940-இல் படையெடுத்து வந்த ஜெர்மானியரின் தரைப்படைத் தலைமையகம் சில மாதம் அவ்வூரிலே தங்கியிருந்தது. அங்கே 1959-ஆம் ஆண்டில், அரண்மனையின் ஒரு பகுதியில், முதல் வகுப்புத் தொடங்கிற்று. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியோடு ஜெர்மானியர் வந்த ஊருக்கு ஜெர்மன் இளைஞர்கள் புத்தகத்தோடு வந்தார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளும் வகுப்பில் வழங்கின. வெவ்வேறு தேசத்தாரையும் வெவ்வேறு தொழிலினரையும் கலந்து சிறு குழுக்களாகப் பிரிப்பதே கலாசாலையின் ஏற்பாடாக வளர்ந்தது. தன் இனத்தானோடு மட்டும் கூடியிருக்க விரும்புவோனுக்கு அங்கே வழியில்லை.

எனினும், இப்பெருமையிலும் ஒரு குறையுண்டு. அதை மறைத்தல் தகாது. தேசபேதம் பாராட்டாத அக்கலாசாலை பால்பேதம் பாராட்டிற்று. 1967-ஆம் ஆண்டில்தான் பெண்கள் முதன்முதலாக மாணாக்கராகச் சேர்ந்தார்கள். தேசங்களுக்கிடையே உள்ள வேலியை முறிக்கத் துணிந்த அறிஞர்களும், வீட்டிற்குள் இருக்கும் வேலியைக் காணத் தாமதித்தார்கள். சீர்திருத்தம் பேசும் நாமும் இதிலிருந்து பாடம் பெற வேண்டும்.

அதே ஆண்டில் கலாசாலை அரண்மனையை விட்டுக் காட்டோரத்தில் எழுப்பிய சொந்தக் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தை ஒட்டி, உத்தியோகத்திலுள்ள அதிகாரிகளுக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் ஆரம்பமாயின. பல்லாண்டு கட்டளையிட்டே பழகியவர் சில வாரம் பெஞ்சியில் அமர்ந்து, தம் தீர்மானத்தைப் பிறர் கண்டிக்கக் கேட்டார். அவரவர் கம்பெனியில் எதிர்த்துப் பேசத் துணிவாரில்லை. வகுப்பிலோ அனைவரும் சமம். இப்பயிற்சியின் முழுப் பயனும் இதிலேதான் இருக்கிறதென்பது நம் கருத்து.

ஆசியாவின் முக்கியத்தையும் கலாசாலையார் உணர்ந்து, 1980-இல் ஐரோப்பிய-ஆசிய ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் அமைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆயர் ராஜாப் பகுதியில் இரண்டாவது கலாசாலையைத் திறந்தார்கள். மேற்கத்திய அதிகாரி கீழ்த்திசைக்கு வந்து கட்டளையிட்ட காலம் போய், அவனும் இங்கு வந்து கற்கும் காலம் பிறந்தது. 2007-இல் அபுதாபியிலும் ஒரு நிலையம் தோன்றிற்று.

இனி நம் கதைக்கு வருவோம். இன்சியாட்டின் முதல் வகுப்பினர் தேறி வெளியேறிய 1960-ஆம் ஆண்டிலேயே, மலாயாவில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உதயமாயிற்று. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு போட, பால் மரம் வெட்டிப் பிழைத்தோர் வேலையும் வீடும் இழந்து தவித்த காலம் அது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டே அச்சங்கம் தோட்டங்களை வாங்கிற்று. கூலியாகவே பிறந்தான் என்று சொல்லப்பட்டவன் தோட்டத்தின் பங்காளியானான்!

ஆனால் உடைமை வேறு, நிருவாகம் வேறு. நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். கணக்கைப் படித்தறியும் கண்ணையும், கூட்டத்தில் எழுந்து காரணம் கேட்கும் நாவையும் வாங்க இயலாது. அவை கற்றே வர வேண்டும். கற்றறியாத பங்காளி, பெயரளவில் முதலாளியாயினும், மற்றொரு துரையின் கீழேயே வாழ்வான்.

இன்சியாட்டில் பயில்வதற்கு ஆகும் செலவு ஏழைக்கு எட்டுவதன்று. அதன் வாசலில் நின்று பெருமூச்செறிவதால் பயனில்லை. அதன் முறையோ விலையில்லாதது. ஒரு மேசை, ஒரு கணக்குப் புத்தகம், உண்மையாக நடந்த ஒரு சிக்கல், வெவ்வேறு வேலை பார்க்கும் ஆறு பேர், அவர்களுள் பெண்களும் இருத்தல் வேண்டும். “நீ அந்த இடத்தில் இருந்தால் யாது செய்வாய்?” என்ற கேள்வி. நம் கூட்டுறவுச் சங்கங்களும், தொழிற் சங்கங்களும், வாசகசாலைகளும், கோயில் நிருவாக சபைகளும் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கினால் குறைவது யாது?

பகைவர்களை ஒரே பெஞ்சியில் அமர்த்த ஐரோப்பியரால் முடிந்தது. தோட்டத்தானையும் பட்டணத்தானையும், கிராணியையும் தொழிலாளியையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்த நம்மால் முடியாதா? துரைத்தனம் பிறப்பில் வருவதன்று என்று மேடைதோறும் முழங்கினோம். அதனைக் கற்றுக் காட்டுவதே இனி எஞ்சியுள்ள வேலை.