ஸ்டாலினின் பூட்சும் பிராங்கோவின் சிலுவையும்

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் 1951 டிசம்பரில் ஸ்டாலினுக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். சிலையின் உயரம் மட்டும் எட்டு மீட்டர். அதற்கு இடம் வேண்டி, அங்கிருந்த ஒரு தேவாலயத்தை அதே ஆண்டு இடித்திருந்தார்கள். சிலை ஐந்தாண்டுகூட நிற்கவில்லை. 1956 அக்டோபர் 23 இரவு, கிளர்ந்தெழுந்த மக்கள் முழங்காலருகே அதை அறுத்து, கம்பிவடம் கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். பீடத்தில் இரண்டு பூட்ஸ் மட்டும் மிஞ்சின. நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் நகருக்குள் புகுந்து புரட்சியை நசுக்கின. ஆட்சி மீண்டது, சிலை மீளவில்லை.

ஸ்பெயினில் கதை வேறு. உள்நாட்டுப் போரில் வென்ற பிராங்கோ, 1940-ல் மாட்ரிட்டுக்கு வடமேற்கே குவாதர்ராமா மலையில் ‘வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு’ என்ற நினைவிடத்தைக் கட்ட ஆணையிட்டார். மலையைக் குடைந்து தேவாலயம், அதன் உச்சியில் 150 மீட்டர் சிலுவை. தோற்ற குடியரசுத் தரப்பின் கைதிகளும் அங்கே கல் உடைத்தார்கள். 1959-ல் திறக்கப்பட்ட அந்த இடத்துக்கு நாடெங்கும் இருந்த புதைகுழிகளிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இன்று 33,000-க்கும் மேற்பட்டோர் அங்கே கிடக்கிறார்கள். கொல்லப்பட்ட குடியரசுவாதிகள் பலரை, வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, அங்கு மாற்றிவிட்டார்கள். 1975-ல் பிராங்கோவையும் பலிபீடத்தருகே புதைத்தார்கள். தன் தந்தையைக் கொன்ற ஆட்சியின் தலைவன் அதே கூரையின்கீழ் பூமாலையோடு படுத்திருக்க, தந்தையின் எலும்பு எந்த மூலையில் என்றுகூடத் தெரியாமல் வாழ்வது எத்தனை பெரிய கொடுமை!

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த 1989-க்குப் பிறகு, பழைய சிலைகளை என்ன செய்வது என்று முடிவெடுப்பது ஹங்கேரியர்களுக்கு ஓரளவு எளிதாக இருந்தது. லெனின், மார்க்ஸ், பேலா குன் என்று நகரமெங்கும் நின்ற சிலைகளை அவர்கள் உருக்கவில்லை. ஆகோஷ் எலியோட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த மெமென்டோ பூங்காவில், நகரின் ஓரத்தில், 1993-ல் அவற்றைக் கொண்டுபோய் வைத்தார்கள். சர்வாதிகாரத்தைப் பற்றிச் சுதந்திரமாக யோசிக்க மக்களாட்சியால்தான் முடியும் என்பது எலியோட்டின் எண்ணம். ஸ்டாலினின் பூட்ஸையும் 2006-ல், புரட்சியின் ஐம்பதாம் ஆண்டில், பழைய பீடத்தின் மாதிரியின்மேல் மறுஆக்கம் செய்து அங்கே நிறுத்தினார்கள். அங்கே பார்வையாளர் காண்பது ஸ்டாலினின் பெருமையை அல்ல, அவரைச் சாய்த்தவர்களின் துணிச்சலை. கொடுங்கோலனின் சின்னத்தைப் பாதுகாக்க இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன்.

ஸ்பெயினும் இதையே செய்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெண்கலத்தை லாரியில் ஏற்றலாம். மலையை ஏற்ற முடியாது. அதைவிட முக்கியமானது, புடாபெஸ்ட் பீடத்தின் அடியில் யாருடைய பிள்ளையும் புதைந்திருக்கவில்லை. இங்கே சிலுவைக்கு வெடி வைத்தால் அதிர்வது பலியானவர்களின் கல்லறையும்தான். அப்படியே விட்டுவைத்தாலோ, கட்டியவனின் வெற்றிதான் அங்கே தொடர்ந்து பேசும். ஆண்டுதோறும் நவம்பர் 20-ல், பிராங்கோ இறந்த நாளில், அவருடைய ஆதரவாளர்கள் அங்கே கூடிவந்ததை மறக்க முடியுமா?

ஸ்பெயின் மெதுவாகத்தான் நகர்ந்தது. 2007-ல் ஒரு சட்டம் அந்த நினைவிடத்தில் அரசியல் கூட்டங்களைத் தடுத்தது. பிராங்கோவின் உடலை வெளியே எடுத்து வேறு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது 2019 அக்டோபர் 24 அன்று. அவர் இறந்து கிட்டத்தட்ட 44 ஆண்டுகள் கழித்து. இந்தத் தாமதத்துக்குச் சமாதானம் சொல்லவே முடியாது. 2022-ல் வந்த சட்டம் இடத்தின் பெயரை ‘குவெல்காமுரோஸ் பள்ளத்தாக்கு’ என்று மாற்றியது. 2023-ல் தடயவியல் நிபுணர்கள் நிலவறைக்குள் இறங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கேட்ட எலும்புகளைத் தேடத் தொடங்கினார்கள்.

சிலுவையை இடிப்பதா, அருங்காட்சியகம் ஆக்குவதா என்ற சண்டையை ஸ்பெயின் அரசியல்வாதிகள் இப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டும். அந்தக் குடும்பங்களின் கையில் எலும்புகள் போய்ச் சேருவதே முதல் வேலை. அந்த இடத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போதும் முதல் குரல் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.