சம்பளமில்லாத நடுவர்

2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாடில் நடுவர்கள் கடிகாரத்தையும் விதிகளையும் பார்த்துக்கொண்டார்கள். எந்தக் காய் வெட்டுப்பட்டது என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலகையிலேயே தெரிந்துவிடும்.

நிஜப் போரிலோ எதிரி எங்கே என்றே தெரியாது. அதைப் பழகத்தான் 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு வரைபட விளையாட்டை வெளியிட்டார். இரு தரப்பும் உத்தரவை எழுதிக் கொடுக்கும். நடுவர் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து இழப்பைச் சொல்வார். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி பகடை, அட்டவணை இரண்டையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் நடுவரின் அனுபவத்திடமே ஒப்படைத்தார்.

1969-இல் அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுத்து, தானே நடுவராக இருந்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் ஆடிய டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸோடு சேர்ந்து உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வெளிவந்தது.

இணையத்தில் பாத்திரமேற்று மோதும் லீக்குகளிலும் இதே நடைமுறைதான். ஆட்டக்காரர்கள் நகர்வை எழுதி அனுப்ப, நடுவர் விளைவைக் கணக்கிட்டு எழுதுகிறார். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பிரஷ்ய நடுவருக்குப் பின்னால் ராணுவமே இருந்தது. இவருக்கு அப்படி எதுவும் இல்லை. நண்பனுக்குச் சாதகமாக ஒருமுறை எழுதினால் போதும், எதிராளி அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார். ஆட்டக்காரர்கள் வைக்கும் நம்பிக்கைதான் இவருடைய முழு அதிகாரமும்.